நூல் உள்ளே, ஆள் வெளியே

டிசம்பர் 31 இரவு, தமிழகத்தின் பல சீர்திருத்தச் சபைகளில் ஆராதனை நள்ளிரவைத் தாண்டி நடக்கும். புத்தாண்டு பிறந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்த அட்டை அந்த ஆண்டு முழுக்கச் சுவரிலோ பைபிளுக்குள்ளோ இருக்கும். அடிக்கடி கண்ணில் படும் வாக்குத்தத்தங்களில் ஒன்று உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம். வால் ஆகமாட்டாய், தலை ஆவாய் என்கிற உறுதி அது. பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் கடை வைத்திருப்பவருக்கும் ஒரேபோல் பிடித்துப்போகும்.

அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம். மிச்சமுள்ள 54 சாபம். கீழ்ப்படியாமல் போனால் கொள்ளைநோய், வறட்சி, எதிரியின் முற்றுகை, நாடுகடத்தல், கடைசியில் பெற்ற பிள்ளையையே தின்ன வைக்கும் பஞ்சம். இந்த 54இலிருந்து ஒன்றை எடுத்து யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. புத்தாண்டும் அதுவுமாக அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? ஆனால் எழுதியவர் இரண்டையும் ஒரே பத்திரமாகத்தான் எழுதினார்.

சாபத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஏற்றுக்கொண்டார், ஆசீர்வாதம் நமக்கு நிற்கிறது என்பார் பிரசங்கியார். கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டவும் செய்வார். அவர் சொல்வதை ஒப்புக்கொண்டாலும் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று தீராமல் நிற்கிறது. அந்த வாக்கு சொல்லப்பட்டது மோவாபின் சமவெளியில், யோர்தானைக் கடக்கக் காத்திருந்த இஸ்ரவேலரிடம். நாகர்கோவிலில் இருப்பவர் அந்தப் பத்திரத்தில் எப்போது கையெழுத்துக்காரர் ஆனார்? ஆனார் என்றால், முதலில் கையெழுத்திட்டவர்கள் இப்போது எங்கே?

பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை என்று கிறிஸ்தவர்கள் பேசும்போதெல்லாம் அடியில் கிடப்பது இந்தக் கடைசிக் கேள்விதான். ஞாயிறு பள்ளியில் இது சுலபமாகச் சொல்லித் தரப்படுகிறது: பழையது சட்டம், புதியது கிருபை. பாடத்தை அதோடு நிறுத்திவிட்டால் விவகாரத்தில் பாதி காணாமல் போய்விடும்.

உடன்படிக்கை என்பது பைபிளுக்கு முன்பே இருந்த ஏற்பாடு. பேரரசனும் சிற்றரசனும் செய்துகொண்ட அரசியல் ஒப்பந்தம் அது. கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன், தன் மகன் அசூர்பானிபாலைப் பட்டத்து வாரிசாக ஏற்கும்படி அடங்கிய அரசர்களிடம் சத்தியம் வாங்கினான். அந்தச் சத்தியம் எழுதிய களிமண் பலகைகள் 1955இல் ஈராக்கின் நிம்ரூதில் உடைந்து கிடைத்தன. 2009இல் துருக்கியின் தெல் தயினாத்தில் இன்னொரு பிரதி கிடைத்தது. சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்ற நீண்ட பட்டியல் அதில் உண்டு. வானம் வெண்கலமாகி மழை நின்றுபோகும், நிலம் இரும்பாகி விளைச்சல் அற்றுப்போகும் என்ற பொருளில் அதில் வரும் சாபம் உபாகமம் 28இலும் வருகிறது. உபாகமத்தை எழுதியவர்கள் அசீரிய ஒப்பந்த நடையை அறிந்தே எடுத்தாண்டார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அது துணிச்சலான காரியம். பேரரசன் தனக்கென்று கேட்ட விசுவாசத்தை அவனிடம் கொடுக்காமல் கடவுளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பழையது என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதும் சரிவராது. நோவாவுக்கு ஒன்று, ஆபிரகாமுக்கு ஒன்று, சீனாய் மலையில் ஒன்று, தாவீதுக்கு ஒன்று என்று அதற்குள்ளேயே பல உடன்படிக்கைகள். இவை ஒரே வகையும் அல்ல. ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். உடன்படுகிறவர்கள் அந்தத் துண்டுகளின் நடுவே நடந்துபோவது அந்தக் கால வழக்கம். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்று பொருள். ஆனால் ஆபிரகாம் நடக்கவில்லை. அவர் அயர்ந்து தூங்குகிறார். புகையும் சூளையும் தீப்பந்தமும் மட்டும் கடந்து போகின்றன. அதாவது கடவுள் தன்னை மட்டுமே கட்டிக்கொள்கிறார். சீனாயில் நடந்ததோ வேறு. மோசே ரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின் மேல் தெளித்தார். மக்கள் கீழ்ப்படிவதாக ஒப்புக்கொண்ட பிறகு மறுபாதியை அவர்கள் மேல் தெளித்தார். இங்கே இரு தரப்பும் கட்டுப்படுகின்றன.

பவுல் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டார். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு முந்தியது. சீனாயின் நியாயப்பிரமாணம் 430 ஆண்டுகள் கழித்து வந்தது. பிந்தியது முந்தியதை ரத்து செய்யாது. நல்ல வழக்கறிஞரின் வாதம். கவனித்தால், அவர் புதியதைக் கொண்டு பழையதை வெட்டவே இல்லை. பழையதிலும் பழையதை எடுத்துக்கொண்டு சீனாயைச் சுற்றி வழி கண்டுபிடிக்கிறார்.

புதிய உடன்படிக்கை என்ற பேச்சே பழைய ஏற்பாட்டில் பிறந்ததுதான். பாபிலோனியர் எருசலேமை நெருக்கிய காலத்துத் தீர்க்கதரிசி எரேமியா, 31ஆம் அதிகாரத்தில் அதை அறிவிக்கிறார். பிரமாணம் இனிக் கல்லில் இராது, இருதயத்தில் எழுதப்படும் என்கிறார். வேறு பிரமாணம் வரும் என்று அவர் சொல்லவில்லை. எழுதும் இடம்தான் மாறுகிறது. யாரோடு செய்யப்படும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். மற்ற இனத்தாரின் பெயர் அங்கே இல்லை.

இயேசு கடைசி இரவில் பாத்திரத்தை எடுத்து அதைத் தமது ரத்தத்தாலான புதிய உடன்படிக்கை என்றார். இதை எழுத்தில் நமக்கு முதலில் தருவது கொரிந்து சபைக்குப் பவுல் கி.பி. 50களில் எழுதிய கடிதம். அந்தப் பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் யூதர்கள். எரேமியா சொன்ன குடும்பத்தார்தான். ஆகவே அன்றைக்குச் சிக்கல் எழவில்லை. யூதரல்லாதவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தபோதுதான் எழுந்தது. அவர்கள் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா, பன்றி இறைச்சியை விட வேண்டுமா?

ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசினார்கள். விருத்தசேதனம் வேண்டாம் என்று தீர்ந்தது. நான்கு விலக்குகள் மட்டும் நின்றன: சிலைகளுக்குப் படைத்தது, ரத்தம், கழுத்து நெரித்துக் கொன்ற பிராணி, வேசித்தனம். இதில் ரத்தம் பற்றிய விதி இன்றும் தமிழ்நாட்டில் சில கிறிஸ்தவ வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆட்டு ரத்தப் பொரியலைத் தொடமாட்டார்கள். கேட்டால் அப்போஸ்தலர் 15 என்பார்கள். அடுத்த தெருவில் இன்னொரு கிறிஸ்தவ வீட்டில் அதே பொரியல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இருக்கும். யார் வீட்டுக்கும் சபை வந்து விசாரிப்பதில்லை.

எருசலேம் தீர்த்தது வந்தவர்களின் கேள்வியை. வராமல் நின்ற யூதர்களின் நிலை என்ன? புதிய ஏற்பாடே இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபம் எரேமியாவை நீளமாக எடுத்துக் காட்டிவிட்டு, முந்தியது பழமையாகி மறையும் தருவாயில் இருக்கிறது என்கிறது. ரோமர் 11இல் பவுலோ, இஸ்ரவேலுக்குக் கடவுள் கொடுத்த வரங்களும் அழைப்பும் திரும்பப் பெறப்படாதவை என்கிறார். யூதரல்லாதவர்களை அவர் காட்டொலிவக் கிளை என்கிறார். நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளை மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமையடிக்கக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்கிறார். எபிரெயரையும் ரோமரையும் சம எடையில் வாசித்த சபைகள் அதிகம் இல்லை. பெரும்பாலான நூற்றாண்டுகள் எபிரெயரின் பக்கமே சாய்ந்தன.

கருங்கடல் கரையிலிருந்த சினோப்பே ஊர்க்காரர் மார்சியோன் இன்னும் ஒரு படி மேலே போனார். கப்பல் வணிகத்தில் பணம் சேர்த்தவர். ரோமச் சபைக்கு இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் நன்கொடை கொடுத்தவர். உலகைப் படைத்து நியாயம் தீர்க்கும் பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசு காட்டிய அன்பின் தகப்பன் வேறு என்றார். கி.பி. 144இல் சபை அவரை வெளியேற்றியது. பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. திருச்சபை வரலாற்றில் நன்கொடை திரும்பிப் போனது அபூர்வமான நிகழ்ச்சி என்பதால் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மார்சியோனின் கடவுள் கொள்கையைவிட அவருடைய பைபிள் அதிகம் சொல்லித் தருகிறது. பழைய ஏற்பாடு முழுவதையும் விட்டார். சுவிசேஷங்களில் லூக்காவை மட்டும் வைத்துக்கொண்டார். அதிலும் யூத வேரைக் காட்டும் பகுதிகள் இல்லை. பவுலின் பத்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டார். அவற்றிலும் கத்தி விழுந்தது. பழையதை விடத் தொடங்கியவர் புதியதிலும் வெட்டாமல் இருக்க முடியவில்லை. பின்னால் வந்த இன்னொரு கூட்டத்துக்கும் இதேதான் நடந்தது.

புதியது தனியே நிற்காது என்பதைத் தரங்கம்பாடியும் அறிந்திருந்தது. லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சேறி முடிந்தது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. ஆதியாகமத்திலிருந்து தொடங்கி ரூத் வரை மொழிபெயர்த்தார், 1719இல் இறந்துபோனார். மிச்சத்தைப் பெஞ்சமின் சூல்ட்ஸே 1728இல் முடித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ் லுத்தரன்களின் கையில் அச்சில் முழுமையாக இருந்தது புதிய ஏற்பாடு மட்டும்தான். ஆனால் அது போதும் என்று மிஷனெரிகள் யாரும் நினைக்கவில்லை.

மார்சியோனைத் தள்ளிய திருச்சபை பழைய ஏற்பாட்டைக் காப்பாற்றியது. நூல் எங்களுடையது, தீர்க்கதரிசிகள் எங்களுடையவர்கள், ஆபிரகாமும் எங்கள் தகப்பன் என்றது. யூதர்களைப் பற்றி அது சொன்னது வேறு: அவர்கள் தங்கள் நூலையே புரிந்துகொள்ளாதவர்கள், அவர்களின் இடம் இப்போது எங்களுக்கு. நூலை உள்ளே வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் இந்த வழி மார்சியோனுடையதைவிட நாகரிகமாகத் தோன்றும். நடைமுறையில் அது விளைவித்த கேடு மிகப் பெரிது.

பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தில் ஏறக்குறைய 1230இல் செதுக்கிய இரண்டு பெண் சிலைகள் உண்டு. தெற்கு வாசலின் இரு பக்கமும் நிற்கின்றன. இப்போது வாசலில் இருப்பவை நகல்கள், மூலச் சிலைகள் அருங்காட்சியகத்தில். ஒருத்தி திருச்சபை: கிரீடம், சிலுவைக்கொடி, பாத்திரம். இன்னொருத்தி யூத ஜெப ஆலயம்: கண்கள் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன, கையிலுள்ள ஈட்டி முறிந்திருக்கிறது, பிரமாணப் பலகைகள் நழுவுகின்றன. எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் இறையியல். தோற்றவளைத்தான் சிற்பி அழகாகச் செதுக்கியிருக்கிறான் என்று பார்த்தவர்கள் பலர் சொல்வதுண்டு. 1349 பிப்ரவரியில், கொள்ளைநோய்க்கு யூதர்களே காரணம் என்ற புரளியில் அதே நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். நோய் அப்போது நகரத்துக்குள் வந்திருக்கவே இல்லை. அந்தக் கொலைக்குக் கடன் பாக்கியும் நகர அரசியலும் காரணம், சிலை காரணமில்லை. ஆனால் எரித்தவர்கள் தினம் கடந்துபோன வாசல் அது.

எந்தச் சட்டம் இன்னும் கட்டுப்படுத்தும் என்ற கேள்விக்கு இறையியலாளர்கள் வகை பிரித்தார்கள். தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் ஒழுக்கம், சடங்கு, நீதி நிர்வாகம் என்று மூன்றாகப் பிரித்து, ஒழுக்கம் மட்டும் நிற்கும் என்றார். சீர்திருத்தவாதி கால்வின், ஆபிரகாம் முதல் இன்றுவரை உடன்படிக்கை சாரத்தில் ஒன்றே, நடத்தும் முறைதான் வேறு என்றார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்ட் பைபிள் வரலாற்றை ஏழு யுகங்களாக வெட்டி, இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியே வைத்தது. நிஜத்தில் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பெரும்பாலும் பழக்கமே முடிவு செய்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை விருத்தசேதனம் செய்கிறது, பன்றி உண்பதில்லை. பேரரசன் ஸர யாக்கோப் காலத்தில், 1450இல் கூடிய சங்கம் சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஓய்வுநாளாக ஏற்றது. அவர்களை யூதமயமானவர்கள் என்று ஐரோப்பியர்கள் ஏளனம் செய்தார்கள். ஏளனம் செய்தவர்கள் தங்கள் நாட்டில் தசமபாகம் வசூலித்துக்கொண்டிருந்தார்கள்.

தசமபாகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு வகை நூல் கலந்த துணி கூடாது என்று லேவியராகமம் சொல்வதைத் தமிழ்ச் சபைகளில் யாரும் நினைவூட்டுவதில்லை. அதே லேவியராகமத்தில் வரும் பத்தில் ஒரு பங்கு மட்டும் பிரசங்க பீடத்தில் மல்கியா தீர்க்கதரிசியின் துணையோடு உயிர்பெற்றுவிடுகிறது. அக்வினாஸ் இதில் நேர்மையாக இருந்தார். ஊழியனைத் தாங்குவது ஒழுக்கக் கடமை, பத்தில் ஒன்று என்ற அளவு பழைய நீதிச் சட்டத்தைச் சேர்ந்தது, அதைக் கூட்டவோ குறைக்கவோ சபைக்கு உரிமை உண்டு என்றார். குறைத்துக்கொள்ளும் அந்த உரிமையைப் பற்றி மேடையில் கேட்பது அரிது.

1933 நவம்பர் 13. பெர்லின் விளையாட்டு அரங்கில் சுமார் இருபதாயிரம் பேர். 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற நாஜி சார்புப் புராட்டஸ்டன்ட் இயக்கத்தின் கூட்டம். பேசியவர் ராய்னோல்ட் க்ரௌஸெ. பழைய ஏற்பாட்டைத் தூக்கி எறிய வேண்டும், பவுலின் யூத இறையியலையும் களைய வேண்டும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. மறுநாள் முதல் எதிர்ப்பும் பலமாக வந்தது; மார்ட்டின் நீமொல்லர் தொடங்கியிருந்த போதகர் சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1921இல் வெளியான தம் மார்சியோன் ஆய்வில், பெரும் அறிஞர் அடால்ஃப் ஹார்னாக், புராட்டஸ்டன்ட் சபை இன்னும் பழைய ஏற்பாட்டை வேதமாக வைத்திருப்பது அதன் முடக்கத்தின் விளைவு என்று எழுதியிருந்தார். ஹார்னாக் நாஜி அல்ல. அவர் அறிவுலக நாகரிகத்தோடு சொன்னதை அரங்கில் வேறு குரலில் கத்தினார்கள்.

1939இல் ஐசனாக்கில், ஜெர்மன் சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்ற என்றே ஒரு நிறுவனம் திறந்தார்கள். அதன் இயக்குநர் வால்டர் குருண்ட்மன், புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். 1940இல் அவர்கள் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து யூதப் பெயர்களும் பழைய ஏற்பாட்டு மேற்கோள்களும் உதிர்ந்தன. மார்சியோனின் கத்திதான்.

அவர்களை எதிர்த்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. 1933 டிசம்பரில் மியூனிக்கின் புனித மிக்கேல் ஆலயத்தில் கர்தினால் ஃபவுல்ஹாபர் பழைய ஏற்பாட்டைக் காத்துப் பிரசங்கம் செய்தார். கூட்டம் அலைமோதியது. அந்தச் சூழலில் அது துணிச்சல்தான். ஆனால் கிறிஸ்துவுக்கு முந்தைய இஸ்ரவேலைப் பற்றித்தான் பேசுகிறேன், இன்றைய யூதரைப் பற்றி அல்ல என்று அவரே கோடு போட்டுக்கொண்டார். நூலுக்காக வாதாடினார், தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த ஆளுக்காக அன்று வாதாடவில்லை. ஸ்திராஸ்பூர்க் வாசலின் இறையியல் அவருக்குள்ளும் இருந்தது.

ஆளைப் பற்றிய கேள்வியைத் திருச்சபையின் முன் வைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரே அல்ல. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர், யூதர். மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். எண்பது வயதைக் கடந்த அவர் 1960 ஜூன் 13 அன்று திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்து, யூதர்களை இகழும் போதனையைத் திருத்தக் கேட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ஏடு, பவுலின் ஒலிவ மரத்தையே கையில் எடுத்தது. யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்றது. ஆதரவு 2,221 வாக்குகள், எதிர்ப்பு 88. 1980 நவம்பரில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் ரத்து செய்யப்படாதது என்றார். அந்த ஒரு வாக்கியம் எபிரெயர் பக்கம் சாய்ந்திருந்த தராசை ரோமர் பக்கம் இழுத்தது.

இழுத்ததும் வேறு முடிச்சு இறுகியது. பழையது ரத்தாகவில்லை என்றால் யூதர்களிடம் போய்க் கிறிஸ்துவை அறிவிக்க வேண்டுமா? வேண்டும் என்று 1996இல் அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் வெளிப்படையாகத் தீர்மானம் போட்டார்கள். யூத அமைப்புகள் கொதித்தன. வத்திக்கான் வேறு வழியில் போனது. 2015 டிசம்பர் 10 அன்று யூத உறவுகளுக்கான அதன் ஆணையம் வெளியிட்ட ஆவணத்துக்குத் தலைப்பே ரோமர் 11இல் உள்ள பவுலின் வாக்குதான். யூதர்களைக் குறிவைத்த நிறுவன ரீதியான மறைபரப்பு எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை என்கிறது அது. கிறிஸ்துவின் மீட்பு எல்லோருக்குமானது என்கிறது. கிறிஸ்துவை ஏற்காத யூதர்களும் கடவுளின் மீட்பில் பங்குபெறுகிறார்கள் என்றும் சொல்கிறது. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று கேட்டால் கடவுளின் மறைபொருள் என்று விடுகிறது.

தர்க்கத்தில் இது ஓட்டைதான். ஓட்டையை அடைக்க முயன்ற முந்தைய பதில்கள் செய்த வேலையைப் பார்த்த பிறகு, இந்த ஓட்டை அவற்றைவிட நேர்மையானது. இன்னொன்றும் அந்த ஆவணத்தில் உண்டு. இது திருச்சபையின் அதிகாரப்பூர்வக் கோட்பாட்டுப் போதனை அல்ல, மேற்கொண்டு சிந்திக்க ஒரு தொடக்கம் மட்டுமே என்று அதன் முன்னுரையே சொல்லிவிடுகிறது.